வடக்குக் கொம்பு

அப்பாவின் உயிலில் நிலம் வேறு, மரம் வேறு.
நிலம் லெஃப்கியோசுக்கு.
அதில் நிற்கும் ஒற்றைக் கரோப் மரம் மூவருக்கும்.
தெற்கே படர்ந்தது அவனுக்கே,
கடல் பார்த்துத் தாழ்ந்த கிழக்குப் பக்கம் புரோத்ரோமோசுக்கு,
"வடக்குக் கொம்பு, தெக்லா, உனக்கு" என்றார்
லிமசோல் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா
கண்ணாடியைத் துடைத்தபடி.
சைப்ரஸில் இது புதினமில்லை.
ஒரு மரத்தில் எட்டில் மூன்று பங்கு வைத்திருப்பவர்
எங்கள் ஊரிலேயே உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் அண்ணன்மார் கழியோடு வருவார்கள்.
விரித்த படுதாவில்
கருத்துக் காய்ந்த நெற்றுகள் சடசடவென்று விழும்.
குலுக்கினால் உள்ளே விதை பேசும்.
கடித்தால் முதலில் தோல்,
பொறுத்திருந்தால் வெல்லம்.
மூட்டைகளை ஆலைக்கு ஏற்றிவிட்டு
என் கொம்பை அண்ணாந்து பார்ப்பார்கள்.
ஒரு நெற்றுகூட இருக்காது.
"தங்கச்சிக்கு நிழல்" என்பான் புரோத்ரோமோஸ்.

அந்த நிழலும் லெஃப்கியோசின் மண்ணில்தான் விழுந்தது.

எனக்கு வந்ததெல்லாம் அக்டோபரில் ஒரு வாடை.
தடித்த கிளையைக் கிழித்துக்கொண்டு
நேராக முளைக்கும் சிவந்த பூங்கதிர்கள்;
எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பெயர் சொல்லாத வாடை.
பாதிரியார் அந்த வழியாக வந்தால்
தொண்டையைச் செருமிக்கொண்டு நடையை எட்டிப் போடுவார்.
ஈயும் குளவியும் மட்டும் வெட்கமில்லாமல்.

ஜனவரியில் ரம்பம் வாடகைக்கு எடுத்தேன்.
நாற்பது நிமிடம்.
உள்மரம் இளஞ்சிவப்பாக இருந்தது,
நின்று பார்க்கவில்லை.
ஈஸ்டருக்கு இறைச்சி சுட ஒன்பது மூட்டைக் கரி.
வாழ்வில் முதன்முறையாக அந்த மரம் எனக்குக் காசு கொடுத்தது.

அந்த ஆகஸ்டிலும் காய்த்தது, எப்போதும்போல.
அண்ணன்மார் சிரித்தார்கள்.

அடுத்த ஆகஸ்டில் கழிகள் வெறும் இலையை அடித்தன.
படுதாவில் பதினொரு நெற்று.
இந்த விதையால் ஒரு காலத்தில் தங்கம் நிறுத்தார்களாம்.
பதினொன்றை அவர்கள் இரண்டாய் வகுத்தார்கள்,
மிச்சம் ஒன்று.
அதையும் என்னிடம் நீட்டவில்லை.

விவசாய இலாகா ஆள் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்.
"மரம் பெண். வடக்கில் மட்டும்
யாரோ ஆண் ஒட்டு கட்டியிருக்கிறார்கள்.
பக்கத்து மேட்டில் ஆண் மரங்கள் இருந்தனவே?"
காட்டுத்தீயில் போயின என்றோம்.
"பிறகு இதை எவன் வெட்டினான்?"

ஒட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தேன்.
இப்போது அங்கே துளிர்.
லெஃப்கியோஸ் வாளியில் தண்ணீர் சுமக்கிறான்,
ஆடு கடிக்காமல் முள் சுற்றியிருக்கிறான்.
புரோத்ரோமோஸ் மூன்றில் ஒரு பங்கு தருவதாக
தாள் எழுதிக் கொண்டுவந்தான்.
"எல்லாம் தெரிந்துதான் வெட்டியிருக்கிறாய், கெட்டிக்காரி."
பாதி கோபம், பாதி மரியாதை.
நாற்பத்தாறு வயதில்
அவன் குரலில் நான் முதலில் கேட்ட மரியாதை.

எனக்கு ஒன்றும் தெரியாது.
நாற்றம் தாங்காமல், கரிக்காசுக்கு வெட்டினேன்.

பேனா எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்
சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பேனா அவன் முன்னால் மேசைமேல் கிடந்தது.
அவனும் பார்த்தான்.