திருப்பி வைக்காமல்

பையில் நான்கு சிவப்புக் கோலி, மூன்று நீலம்.
ஒன்றை எடுத்தாயிற்று,
திருப்பி வைக்கவில்லை.
இன்னொன்றும் எடுத்தால்
இரண்டுமே சிவப்பாக இருக்க?

ஏழில் நான்கு, பெருக்கல், ஆறில் மூன்று.
சுருக்கினால் ஏழில் இரண்டு.
விடை சரிதான்.
ஏழு ஆறான இடத்தில்தான்
பென்சில் நின்றுவிட்டது.

போன செவ்வாய்
செழியனைத் தெக்கோங்கில் விட்டுவிட்டுப்
படகில் திரும்பினோம்.
மாலையில் மொட்டைத் தலையோடு ஒரு படம் அனுப்பினான்.
காது இவ்வளவு பெரிதா அவனுக்கு!

ஈசூன், பதினோராம் மாடி.
கோழிக் குழம்பில் எப்போதும் இரண்டே தொடைக்கறி.
நால்வரில் இருவருக்கு.
எனக்குப் பாதிக்குப் பாதி என்று கணக்கு சொல்லும்,
அண்ணன் இருந்தவரை அது சுழி.
நிகழ்தகவுக்கு எல்லார் கையும் ஒரே நீளம்;
அவன் கை நீளம்.

இன்று மூன்றில் இரண்டு.
ஒன்றை அம்மா கேட்காமலே என் தட்டில் வைத்தார்.
மற்றது சட்டியில்.
அப்பா கரண்டியால் அதை ஒதுக்கி ஒதுக்கி
உருளைக்கிழங்கையே எடுத்துக்கொண்டிருந்தார்.
மூவரும் எழுந்தபின்னும்
அது அங்கேயே கிடந்தது.
சம வாய்ப்பு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அடுத்த கேள்வி, (ஆ):
எடுத்த கோலியைத் திருப்பி வைத்தால்?
பகுதி ஏழு, மறுபடியும் ஏழு.
நாற்பத்தொன்பதில் பதினாறு.

வெள்ளி இரவு விடுகிறார்களாம்.
'என் தொடைக்கறி போச்சு' என்று
விளிம்பில் கிறுக்கினேன்.
செய்முறையில் சேராது,
அழிக்க வேண்டும்.
நாளை.