பூர்த்தி

ராஞ்சிக்குத் தெற்கே, பேருந்து திரும்பும் முடுக்கில்
சாலமர நிழலில் கிடக்கின்றன.
நாற்பத்தொன்றுவரை எண்ணினேன்.
ஆடு ஒன்று குறுக்கே வந்தது, கணக்குப் போயிற்று.

நாலு குட்டைக் கல்லின்மேல் ஒரு பலகைக்கல்.
பதுக்கை என்று நாக்கில் வந்தது,
யாரிடம் சொல்ல?

சோமாரி ஒரு பலகையில்
இலுப்பைப்பூ காயவைத்திருந்தாள்.
சுற்றிலும் கைகாட்டி
"எல்லாம் பூர்த்தி" என்றாள்.
முடிந்துவிட்டது என்கிறாளோ என நினைத்தேன்.
குலத்தின் பெயராம்.
அப்பா இதன் கீழே, அவர் அப்பாவும்,
எலும்புப் பானைகள் நெருக்கியடித்துக்கொண்டு.

"நீங்கள்?"

கட்டிக்கொடுத்தவளுக்குப் புருஷன் ஊர்க் கல்.
அவனை விட்டு வந்து பதினோரு வருஷம்.
அங்கே இடம் உண்டு, போகமாட்டாள்.
இங்கே அண்ணன்மார்
பார்க்கலாம் என்கிறார்கள்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

சடசடவென்று தூறல்.
பூவை அள்ள நானும் குனிந்தேன்.
கல் இன்னும் சுட்டது,
விரலெல்லாம் பிசுபிசுத்த இனிப்பு.

கூடையைத் தூக்கியவள் நாலெட்டு போய்த் திரும்பிவந்தாள்.
தலைத்துண்டை உருவி
கல்லின் ஓரத்தில் போட்டாள்,
காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல்.
பிறகு நனைந்துகொண்டே ஓடினாள்.

என் பேருந்து வந்தது.
உட்கார இடமில்லை.