கேட் போட்டிருக்கு

கொருக்குப்பேட்டை கேட்.
எண்ணெய் டேங்கர் ரயில் நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை.
ஷேர் ஆட்டோவில் ஏழு பேர்.
முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டுப்
புத்தகத்தைப் பிரித்தேன்.

வளையல்காரன் வேடத்தில் இளவரசன்
அந்தப்புரம் வரை வந்துவிட்டான்.
அவள் கையை நீட்டுகிறாள்.
அவனுக்குத் தும்மல் வருகிறது.
ஒட்டுமீசை பறந்துபோய்
ராஜமாதாவின் பால் கிண்ணத்தில்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"திருப்பாதீங்க, நான் இன்னும் கடைசி வரிக்கு வரல"
என்றார் பக்கத்தில்
ஐஸ் ஃபேக்டரிச் சட்டைக்காரர்.
கண்ணாடி வழியே டிரைவர் எட்வின்:
"இன்னாக்கா, தனியா சிரிக்கிறே?
சத்தமா படி."

படித்தேன்.
மற்ற ராஜா கதைகளில் தலை உருளும்.
இதில் தலைப்பாகைதான்,
அதுவும் படிக்கட்டில்.
பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு
மகாராஜா தண்ணீருக்குப் பறக்கிறார்.
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
இங்கே மிளகாய் ஏது?
யாரும் கேட்கவில்லை.
ராஜாவுக்கும் பெண்டாட்டியென்றால் பயம்
என்பதில் எட்வினுக்கு
அப்படியொரு நிம்மதி.

எதிரே ஒரு அம்மா.
மடியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவர்.
அதுவரை சிரிக்கவில்லை.
கவரை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார்:
"ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடும்ல?"

"ஆயிடும்மா.
கடைசிப் பக்கத்தை முதல்லயே பாத்துட்டேன்."

"அப்ப சரி.
மெதுவாவே படி."

கேட் எப்போதோ தூக்கியாயிற்று.
பின்னால் ஹாரன், லாரிக்காரன் திட்டு.
எட்வின் கியர்மேல் கையை வைத்தபடி:
"இருய்யா...
மீசைய அந்தக் கெழவி குடிச்சிச்சா இல்லியா?"