இரண்டாம் மாடி, கடல் பக்கம்

"சுவருக்கு ஒரு கோட் பெயின்ற் அடியுங்கோ.
ஆட்கள் வாற அண்டைக்குக் கருவாடு பொரிக்காதேங்கோ.
விலையை நீங்கள் முதல்ல சொல்லாதேங்கோ."
புரோக்கர் முபீன் சொன்னது மூன்று.
மூன்றையும் செய்தேன்.
அவர் சொல்லாத ஒன்றும் செய்தேன்:
படுக்கையறைச் சுவரின் ஈரத்துக்கு முன்னால்
அலுமாரியை நகர்த்தி வைத்தேன்.

ஞாயிறு பத்தரைக்கு வந்தார் பவளராணி,
வெயிலில் ஒரு குடையோடு.
கடலை அவர் பார்க்கவேயில்லை.
சதுர அடிக்கு இவ்வளவென்று
கடலையும் சேர்த்தல்லவா கணக்குப் போட்டிருந்தேன்!
குழாயைத் திறந்தார், மனதுக்குள் எண்ணினார், மூடினார்.
"உறுதி ஆரின்ர பேரில?"
"லிஃப்ட் நிண்டால் ஆற்ற காசு?"
வெள்ளவத்தை ரயில் யன்னலை உலுக்கிப் போனது.
சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்:
"ராவிலயும் போகுமோ?"

தேத்தண்ணி குடித்து முடிய
எனக்கு என்னவோ செய்தது.
"அட்வான்ஸ் குடுக்க முந்தி
ஒருக்கா மழைக்குள்ள வந்து பாருங்கோ" என்றேன்.
முபீன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"புதன்கிழமை வந்தனான்.
கீழ வோச்சரோட நிண்டு பாத்தனான்.
மழை விட்டும் ரெண்டு மணித்தியாலம்
உங்கட சுவர் வடிஞ்சுகொண்டு நிண்டது.
அந்த அலுமாரியை
வச்ச இடத்திலயே விட்டிட்டுப் போங்கோ,
நல்ல தேக்கு.
எட்டு லட்சம் குறையுங்கோ."

ஏழில் முடிந்தது.
முபீனின் தரகில் மட்டும்
ஒரு சதமும் குறையவில்லை.