ஆறு சனிக்கிழமை

புதுவயல் பள்ளிக்கூடத்தில் ஆறு சனிக்கிழமை.
பிள்ளையோடு பெற்றவர்களும் வரணும் என்று தாள் வந்தது.
வீரசேகர் பையில்
புகையிலைப் பொட்டலம் பிடிபட்டிருந்தது.

எங்களுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை,
நடுவில் டீ, ஆமவடை.
மகனிடம் கடைசியாக என்ன பேசினீர்கள்,
எழுதுங்கள் என்றார் ஹெலன் டீச்சர்.
ரைஸ்மில் பாய்லரில் உமி தள்ளுகிற கை
பேனாவைப் பிடித்தபடியே இருந்தது.
'சாப்பிட்டியா' என்று எழுதினேன்.
பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள்.
அது அவள் கேட்டது.

நாலாம் வாரம் ஒப்பந்தம்.
போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போவேன்: இது அவன்.
எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன், திட்ட மாட்டேன்: இது நான்.
என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான்,
நசுங்கின தேள் மாதிரி இருக்காம்.

எல்லாம் முடிந்து
ஆடியில் ஒரு ராத்திரி, பதினொன்றரைக்குப் போன்.
"அப்பா, கண்டனூர் முக்குல நிக்கிறேன்.
இவனுங்க குடிச்சிருக்கானுங்க.
நான் பைக்குல ஏறல."

நானும் குடித்திருந்தேன்.

வண்டியை வாசலில் இறக்கினேன்,
சாவி போடவில்லை.
தள்ளிக்கொண்டே போனேன் அவ்வளவு தூரமும்.
எதற்கு வண்டி என்று நாய்க்குக்கூடத் தோன்றியிருக்கும்,
விடாமல் குரைத்தது
பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் நெடுக.

வாடை தெரிந்திருக்கும் அவனுக்கு.
ஹேண்டிலின் அந்தப் பக்கம் பிடித்தான்,
இந்தப் பக்கம் நான்.
மில் சங்கு ஊதும் திசையில் நடந்தோம்.

திட்ட மாட்டேன் என்று
நான்தானே எழுதிக் கொடுத்தேன்.
அவன் ஏன் திட்டவில்லை?