ஐம்பது அடி

கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில்
ஐம்பது அடி வேண்டும்.
சட்டம் அவ்வளவுதான், ஒரே வரி.
என் மேசையில் மர்ழியாவின் பிளான்:
பத்துப் பேர்ச்,
நீளம் அறுபத்தெட்டு, அகலம் நாற்பது,
மூன்று அறை, ஒரு ஹோல்,
பின்மூலையில் பென்சிலால் சின்ன வட்டம்,
பக்கத்தில் 'குழி' என்று எழுத வெட்கப்பட்டு
வெறும் 'கு'.

நேற்றுப் போய்ப் பார்த்தேன்.
சாய்ந்தமருதில் மேற்கே ஊர் முடிகிற இடம்.
போன போகம் வரை வயல்.
இப்போது எழுபது டிப்பர் கிறவல்
இன்னும் இறுகாமல் செருப்பை இழுக்கிறது.
அதன் விளிம்பில்
யாரும் விதைக்காத ஒரு நெல்
குடலை தள்ளி நிற்கிறது.

"இந்த வாய்க்கால் எங்க போகுது?"
"முந்தித் தோணாவுக்குப் போனது மிஸ்.
இப்ப எங்கட மதிலோட நிக்குது."
சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.
கடலோரத்து வீட்டை அலை கொண்டுபோனபோது
அவளுக்கு ஏழு வயது.
கரையில் கட்டாதே என்றோம், வந்துவிட்டாள்.
வயலை மூடாதே என்றால்
இனி எந்தப் பக்கம்?

கந்தோரில் கவராயத்தை எடுத்தேன்.
வடக்கே உதுமான்கண்டுவின் கிணறு, ஒரு வட்டம்.
கிழக்கே ஹிதாயா ரீச்சரின் கிணறு, இன்னொன்று.
தெற்கே இரண்டு வீட்டுக்கும் பொதுக்கிணறு.
நடுவில் இவள் தோண்டப்போவது.
வட்டங்கள் ஒன்றையொன்று கடித்து
வளவு முழுக்கக் கோடாகிப் போனது.
குழிக்கு மிஞ்சியது
வடமேற்கில் நகக்கண் அளவு நிலம்,
அதுவும் வாய்க்காலுக்குள்.

ஊர் வரைபடம் மேசை முழுக்க விரிந்துகிடந்தது.
கவராயம் கையில்தான் இருந்தது.
நான்கு தெரு தள்ளி
என் வீட்டுக் கிணற்றில் ஊசியை ஊன்றினேன்.

வட்டத்துக்குள் ஏழு குழி.
ஒன்று என்னுடையது.
மாரியில் கிணறு வாய்வரை வந்தால்
கயிறில்லாமல் கையாலேயே மொண்டு
பிள்ளைகளோடு சேர்ந்து கும்மாளமடிப்பேன்.

மர்ழியாவுக்குக் கோல் எடுத்தேன்.
தனிக்குழி சரிவராது.
பக்கத்து வீடுகளோடு சேர்ந்து
கசியாத கொங்கிறீற் தாங்கி ஒன்று;
நிரம்பினால் சபையின் பவுசர் வரும்.
(வரும் என்று சொல்லும்போது
பழுதாகி நிற்கும் பவுசர் ஞாபகம் வந்தது.)
மதிலைப் பத்தடி உள்ளே எடுங்கள்,
வாய்க்கால் போகட்டும்.

"பத்தடி எண்டால் ஒரு அறை போயிருமே மிஸ்."
"ஓம். போகும்."

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
கிறவல் மேல் நின்றுதான் பேசுகிறாள் போல.
பிறகு, கோபமில்லாமல்,
விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்:
"உங்கட வளவில எத்தின அடி?"

"இருபத்திரண்டு" என்றேன்.