எந்தப் போனுக்கு சார்ஜ் நிக்கும்

கம்பெனி கார் முந்தலிலேயே படுத்துவிட்டது.
பவுன்ராஜின் ஜீப்பில்
ஏலக்காட்டுக்குப் போகிற பதினோரு பேரோடு
பன்னிரண்டாவதாய் ஏறிக்கொண்டேன்.
மடியில் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் நாலு போன்,
ஒவ்வொன்றையும் ஒரு தலைமுறையில் பூட்டியிருக்கிறேன்.
காலை ஐந்து நாற்பது. எல்லாம் நூறு சதவீதம்.
மலை ஏற ஏற எது எவ்வளவு குடிக்கிறது என்று
எழுதிக்கொண்டு போக எனக்குச் சம்பளம்.

"என்ன தாயி, விக்கவா?" என்றாள் காமுத்தாய்,
தூக்குவாளியை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு.

இரண்டாம் வளைவு.
டூஜிக்குப் பெரிய தொண்டை, கொஞ்சப் பேச்சு.
எட்டில் ஒரு பங்கு நேரம்தான் வாயைத் திறக்கும்.
திறந்தால் பக்கத்து ஸ்பீக்கரும் கரகரக்கும்.
ஒரு படம் அனுப்பச் சொன்னால்
பூப்பாறைக்கு நடந்தே போகும்.

த்ரீஜியைப் பழக்கதோஷத்தில் எடுத்து வந்தேன்,
அதற்கு இந்த மலையில் டவரே இல்லை இப்போது.
உயிரோடு இருந்தபோது
"சரி, வாரோம்" என்று எழுந்த பிறகும்
செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில்
இன்னும் பத்து நிமிஷம் நிற்கிற சம்பந்தி அது.
பேச்சு முடிந்திருக்கும். விளக்கை அணைக்க முடியாது.

ஃபோர்ஜிக்குக் கோழித்தூக்கம்.
நொடிக்கு ஒருதரம் கண்ணைத் திறந்து
கூப்பிட்டீங்களா என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

ஃபைவ்ஜி,
போடி பஸ் ஸ்டாண்டில் ராஜா.
அடுத்தவன் முதல் மூட்டையைத் தொடுமுன்
அத்தனையும் இறக்கிப் போட்டுவிட்டுக் குறட்டை விடும்.
மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால்
அதைப்போல் சிக்கனக்காரன் கிடையாது.
ஆறாம் வளைவு வரைக்கும்.
அங்கே ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்,
ஃபோர்ஜியையும் விடாது, தன் பிடியையும் விடாது.
இரண்டு அடுப்பும் எரிகிறது,
உலையில் ஒன்றுமில்லை.

ஒன்பதில் மூடுபனி. நாலுக்கும் டவர் இல்லை.
பேசவில்லை, படம் பார்க்கவில்லை, பாட்டு இல்லை,
சதவீதம் மட்டும் இறங்குகிறது.
பூட்டிய தெருவில் வீடுவீடாகக்
கதவில் காதை வைத்துக்கொண்டு போகிற செலவு அது.

பதினொன்றில், தமிழ்நாட்டுத் தாரில் நிற்கும்போதே,
கேரளத்துக்கு வரவேற்கிறோம் என்று செய்தி.
பன்னிரண்டில் நம் டவர் திரும்பப் பிடித்து இழுத்தது.
பதின்மூன்றில் மறுபடி வரவேற்பு.
எல்லைக்கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது,
இதெல்லாம் அதற்குத் தெரியாது.

பட்டியலில் சேராத என் சொந்தப் போன்
கைப்பைக்குள் தேடித் தேடிச் சுட்டு
எப்போதோ அணைந்திருந்தது.
நேற்று ராத்திரி அனுப்பிய ஒரு வரி.
பதில் வந்ததா, இனி மேட்டில் சார்ஜர் கிடைத்தால்தான்.

"இதுல எதுக்கு சார்ஜ் நிக்கும்?"
"அது போன்ல இல்லக்கா. நாம நிக்கிற எடத்துல இருக்கு."
காமுத்தாய் சிரித்தாள்.
"அதான முந்தல்லயே நான் அமத்திருவேன்.
ஊர்ல ரெண்டு நாளா கரண்டு இல்ல.
நடுவுல எவன் கூப்ட்டு என்ன,
எறங்கவா முடியும்?"
நான் படித்த மூன்று வருஷத்தில்
இந்த அத்தியாயத்துக்கே ஒரு முழுப் பருவம் போனது.

மேடு. டீக்கடை. மழை.
பதினோரு பேரும் இடுப்பிலிருந்து எடுத்து
ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்,
கம்பெனி கம்பெனியாய்ப் பதினோரு எழுப்பும் ராகம்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தது.
அப்புறம் ஜீப் ஸ்பீக்கரில்
டிட்-டி-டிட், டிட்-டி-டிட்.
மணி அடிக்குமுன்னே எல்லாக் கையும் இடுப்புக்குப் போனது,
என் கை செத்த போனுக்கு.

பவுன்ராஜுக்குத்தான்.
"ம். ஏறியாச்சு. இங்கயும் மழதான். வையி."

ஆறு நொடி, டூஜி.
பேட்டரிக் கோடு அசையவே இல்லை.